எழுத்தின் முகமும் வணிகத்தின் பெயரும்



ஒரு பொருளின் பெயரை நாம் படித்து அறிகின்றோமா, பார்த்து அறிகின்றோமா? அகர வரிசை கல்லாத குழந்தையும் தனக்குப் பிடித்த பிஸ்கத்துப் பொட்டலத்தைக் கடையில் சுட்டிக் காட்டுகின்றது. எழுத்தறியாத முதியவரும் தாம் வழக்கமாக வாங்கும் தீப்பெட்டியைத் தவறாமல் எடுக்கின்றார். எழுத்து ஒலியைக் குறிப்பதோடு நில்லாமல் வேறொரு தொழிலும் செய்கின்றது என்பது இதனால் விளங்கும். ஒருவரை முகத்தால் அறிவதுபோல், ஒரு பொருளை அதன் பெயரெழுத்தின் வடிவத்தால் அறிகின்றோம். வணிகர் தம் பெயருக்கென்றே தனி எழுத்து வடிவம் அமைத்துக்கொண்ட வரலாறு சுவையானது. அதில் நம் தமிழெழுத்துக்குரிய பங்கு யாது என்பதையே இவ்வுரையில் ஆராய எண்ணுகின்றேன்.

போடிநாயக்கனூரிலிருந்து தொடங்குவோம். ஆசிரியப் பணியில் நான் பல்லாண்டு கழித்த வட்டாரம் அது. ஊருக்கு மேற்கே சுவர்போல் மலை நிற்கும். அம்மலைமேல் ஏலத்தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. தோட்டங்களிற் பெரும்பாலானவை இன்று கேரள எல்லைக்குள் இருப்பினும், அவற்றில் உழைப்போரில் மிகப் பலர் நம் சரிவைச் சேர்ந்த தமிழ் மக்கள். விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறிப் போடிமெட்டு வழியே மேலே சென்று, மாலையில் திரும்புவோர் பலர். பறித்த பச்சைக் காயை ஸ்டோரில் வெப்பக் காற்றால் உலர்த்தி, நிறம் கெடாமற் காத்து, சல்லடையால் பருமன் பிரித்து, மூட்டையாகக் கட்டிப் போடிக்கு அனுப்புவர்.

ஏலம் என்னும் சொல் அங்கே இரு பொருளில் வழங்கும். செடியும் ஏலம், பலர் கூடி விலை கேட்க விற்பதும் ஏலம். முன்னது நம் பழஞ்சொல். பின்னது போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது என்பர் அகராதி வல்லார். நம் பழஞ்சொல்லும் கடல் கடந்தது. ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் என்னும் பெருநூல் இச்செடியை நம் நாட்டுப் பெயராலேயே குறித்தது. தாவர நூலார் இன்றும் இதனை எலட்டேரியா என்னும் இனப் பெயரால் அழைக்கின்றனர். அதனுள் ஒளிந்திருப்பது ‘ஏலத்தரி’ என்னும் சொல்லே.

இனி, மூட்டையின் மேல் உள்ள எழுத்தைப் பாருங்கள். விளைவித்தவனும் வாங்குபவனும் நேரில் கண்டு பேசும் சந்தையில் எழுத்துக்குத் தேவையில்லை, முகமே போதும். சரக்கு தொலைவு செல்லச் செல்ல முகத்தின் வேலையைக் குறி ஏற்கின்றது. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு இரயில் வந்தது. அதற்கு முன்பே மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் என்னும் மலைமுகட்டிலிருந்து கம்பிவடத்தின் வழியே கொட்டகுடிக்கு இறங்கி, வண்டிகளில் போடி வந்து, தூத்துக்குடித் துறைமுகம் சென்று இங்கிலாந்துக்குக் கப்பலேறின. இங்கிலாந்தில் பெட்டியைத் திறப்பவன் தோட்டத்தையும் அறியான், தோட்டக்காரரையும் அறியான். பெட்டியின் பலகைமேல் உள்ள குறியை மட்டுமே அறிவான்.

ஏலக்காய்க்கு அத்தகைய குறி ‘ஏஜிஇபி’ போன்ற ஆங்கில முதலெழுத்துகள். ‘ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு’ என்பது அதன் விரிவு. ஆலப்புழைப் பச்சை, மிகப் பருத்த காய் என்பது பொருள். 1937-ஆம் ஆண்டின் வேளாண் விளைபொருள் தரச் சட்டத்தின்வழி வந்த அக்மார்க் முறையில் இத்தரங்கள் இடம்பெற்றன. ஏழு மில்லிமீட்டர்ச் சல்லடையில் தங்கும் காய்க்கு ஒரு பெயர், ஆறு மில்லிமீட்டருக்கு ஒரு பெயர், ஐந்துக்கு ஒரு பெயர் என்று வகுத்தனர்.

ஏலம் விளையாத கடற்கரை ஊராகிய ஆலப்புழையின் பெயர் மலையில் விளைந்த காய்க்கு வந்தது எவ்வாறு? 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மலை ஏலம் திருவிதாங்கூர் அரசின் தனியுரிமைச் சரக்காக இருந்தது. அரசு அதனை ஆலப்புழைப் பண்டசாலையில் சேர்த்து விற்றது. வெளிநாட்டார் கண்டது துறைமுகத்தை. ஆதலின் துறைமுகத்தின் பெயரே சரக்கின் பெயராயிற்று. தனியுரிமை போயிற்று, பண்டசாலை வணிகமும் போயிற்று, பெயர் மட்டும் நின்றது. அண்மைக் காலத்தில் ‘ஆலப்பிப் பச்சை ஏலக்காய்’ என்பது புவிசார் குறியீடாகவும் பதிவு பெற்றுவிட்டது. சாக்கின்மேல் ஒருமுறை நிலைபெற்ற பெயர் நூறாண்டு கடந்தும் அழியாது என்பதற்கு இது சான்று.

சாக்கில் எழுத்துப் பதிக்கும் முறையும் அறியத்தக்கது. தகரத் தகட்டில் எழுத்தின் வடிவத்தை வெட்டி எடுத்து, அதனைச் சாக்கின்மேல் வைத்து மை தடவுவர். இம்முறையில் ஓர் இடர் உண்டு. வட்டமாக மூடிய எழுத்தை வெட்டினால் நடுத் துண்டு விழுந்துவிடும். ஆகவே ஆங்காங்கே சிறு பாலம்போல் தகரத்தை விட்டு வெட்டுதல் வேண்டும். நம் எழுத்தில் சுழிகள் மிகுதி. ‘ஏலக்காய்’ என்று வெட்டத் தொடங்கினால் ஏ, ல, க ஆகிய மூன்றிலும் மூடிய வெளி உண்டு. மூன்றிலும் பாலம் வேண்டும். பாலம் தவறான இடத்தில் அமைந்தால் எழுத்து வேறாகத் தோன்றும். இச்சிறு தொழிலிலேயே எழுத்து வடிவமைப்பின் பெரும்பாடம் அடங்கியுள்ளது. கருவி எதுவோ, எழுத்தின் வடிவமும் அதற்கேற்ப மாறும்.

இவ்வுண்மை தமிழ் அச்சின் வரலாறு முழுவதிலும் காணப்படுகின்றது. ‘ஏலம்’ என்னும் சொல்லைத் தந்த போர்த்துகீசியர் வந்த அதே வழியில் அச்சும் வந்தது. 1577-இல் கோவாவில் ஜோவான் கொன்சால்வசு என்பவர் தமிழ் எழுத்துகளை வார்த்தார். அடுத்த ஆண்டில் கொல்லத்தில் ஜோவான் தெ ஃபாரியா மற்றொரு வகை வார்த்தார். 1578 அக்டோபரில் அங்கே அச்சான பதினாறு பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய நூல். அதனைத் தமிழாக்கிய அண்டிரிக் அடிகளார் முத்துக்குளித்துறை மக்களிடையே வாழ்ந்து தமிழ் கற்றவர்.

பின்னர்த் தரங்கம்பாடியில் சீகன்பால்கு முயன்றார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழெழுத்துகள் 1713-இல் அவரிடம் வந்து சேர்ந்தன. அவை அளவிற் பெரியவை. பக்கத்தில் சில சொற்களே அடங்கின. காகிதமோ விலையுயர்ந்தது. ஆகவே ஆட்லர் என்னும் தொழில்வல்லார் பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்தார். காகிதத்தின் விலை எழுத்தின் உருவத்தைச் சுருக்கியது. எகர ஏகாரக் குறில் நெடில் வேறுபாட்டைக் கொம்பின் சுழியால் விளக்கிய வீரமாமுனிவரின் சீர்திருத்தமும் அந்நூற்றாண்டைச் சேர்ந்ததே. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் ஹண்ட் என்பவர் அழகும் சிறுமையும் ஒருங்கே வாய்ந்த எழுத்துகளை உருவாக்கினார். 1862-இல் வெளிவந்த வின்சுலோ அகராதி அவ்வச்சகத்தின் பெருமைக்குச் சான்று. இடையில் 1835-இல் மெட்காஃப் காலத்துச் சட்டம் அச்சகங்களின் தளைகளை நீக்கவே, நம் நாட்டவரும் தடையின்றி அச்சகம் நடத்தலாயினர்.

எனினும் ஒன்றைக் கவனியுங்கள். இவ்வெழுத்துகள் யாவும் நூல் அச்சிடுவதற்கு வார்த்தவை. கடைப் பெயருக்கும் பொருட்சீட்டுக்கும் ஏற்ற அலங்கார எழுத்துகள் ஆங்கிலத்தில் எண்ணிறந்து தோன்றியது போலத் தமிழில் தோன்றவில்லை. காரணம் கணக்கில் உள்ளது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, ஆக 52 வடிவம் செதுக்கினால் ஒரு வகை முடிந்தது. நமக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. துணைக்காலும் கொம்பும் தனியே நிற்பதால் அத்தனையையும் செதுக்க வேண்டுவதில்லை. ஆயினும் உகர ஊகாரங்கள் மெய்க்கு மெய் வேறுபடும். ‘கு’வின் வளைவு வேறு, ‘நு’வின் வளைவு வேறு. இவ்வாறு எண்ணினால் தனி அச்சுகள் நூற்றுக்கு மேல் வேண்டும். ஒரு சோப்பின் பெயரை எழுத நான்கைந்து எழுத்துப் போதும் என்றிருக்க, நூறு எழுத்து வார்க்க எந்த வணிகர் பொருள் செலவிடுவார்?

ஆகவே தமிழ் வணிகம் வேறு வழியைக் கண்டது. அதுதான் கையால் வரைதல். பவேரியாவில் செனஃபெல்டர் 1796-ஐ ஒட்டிக் கண்டறிந்த கல்லச்சு முறை இதற்குத் துணை நின்றது. எண்ணெயும் நீரும் ஒட்டா என்பதே அதன் அடிப்படை. கல்லின்மேல் கொழுப்பு மையால் வரைந்து நீர் தடவினால், வரைந்த இடம் மட்டுமே அச்சு மையை ஏற்கும். எழுத்தை வார்க்க வேண்டுவதில்லை; ஓவியர் எப்படி வரைந்தாரோ அப்படியே அச்சாகும்.

சிவகாசியை நினைத்துப் பாருங்கள். அ. சண்முக நாடாரும் பி. ஐய நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923-இல் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினர். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வண்ணச் சீட்டு வேண்டும். அத்தேவையே வறண்ட நிலத்து ஊரொன்றை அச்சு நகரமாக்கியது. அச்சீட்டுகளில் மயிலும் மானும் புலியும் இருக்கும். படம் எழுத்தறியாதவர்க்கு, எழுத்து அறிந்தவர்க்கு. பெயரெழுத்தோ இரண்டுக்கும் நடுவில் நின்றது. நிழல் விழுந்த எழுத்து, தீச்சுடர்போல் நெளிந்த எழுத்து, பட்டையில் சாய்ந்தோடும் எழுத்து என ஓவியர் கை விளையாடியது. இவற்றை வரைந்தோரில் பெரும்பாலோர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. தமிழ்நாட்டார் நாள்தோறும் கையில் எடுத்த ஓவியம் அவர்களுடையது.

பிறநாடுகளில் நிகழ்ந்ததையும் ஒப்பிட்டு நோக்குவோம். அமெரிக்காவில் 1886-இல் கொக்கோ கோலா என்னும் பெயரைத் தந்து, அதனை எழுதியவர் அந்நிறுவனத்தின் கணக்கரான ஃபிராங்க் ராபின்சன். அக்காலக் கணக்கர்கள் பயின்ற ஸ்பென்சர் முறைக் கையெழுத்தே அது. பேரேட்டுக் கையெழுத்து உலகறிந்த சின்னமாயிற்று! ஜெர்மனியில் 1907-இல் ஏஇஜி என்னும் மின்பொருள் நிறுவனம் பீட்டர் பேரன்சு என்னும் கலைஞரை அமர்த்தியது. விளக்கு, விசிறி, விளம்பரம், தொழிற்சாலைக் கட்டடம், எழுத்து ஆகிய அனைத்துக்கும் ஒரே முகம் அமைத்தவர் அவர்.

இவை எல்லாவற்றினும் மாணவர்க்குப் பயன் தரும் சான்று இலண்டன் சுரங்க இரயிலின் எழுத்தாகும். ஒவ்வொரு நிலையத்திலும் ஊர்ப்பெயர் விளம்பரங்களுக்கிடையே மறைந்துபோவதை ஃபிராங்க் பிக் என்னும் அலுவலர் கண்டார். 1913-இல் எழுத்துக்கலை ஆசிரியரான எட்வர்டு ஜான்ஸ்டனை அணுகி, தங்கள் நிறுவனத்துக்கென்றே ஓர் எழுத்து வேண்டினார். 1916-இல் அது பயனுக்கு வந்தது. பழைய உரோமானியக் கல்வெட்டின் அளவமைதியைத் தழுவியது. ஆயினும் நுனிமுனைகள் இல்லாதது. சிறிய ‘ஐ’ எழுத்தின்மேல் உள்ள புள்ளி வட்டமாக இல்லாமல் சாய்சதுரமாக இருக்கும். இறகுப் பேனாவை அழுத்தி எடுத்தால் விழும் வடிவம் அது. நூறாண்டு நிறைந்த 2016-இல் புதுக்கப்பெற்று இன்றும் அவ்வெழுத்து வழங்குகின்றது. ஓடும் வண்டியிலிருந்து பார்ப்பவனும் ஊர்ப்பெயரைப் பிழையின்றி அறிதல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கரும்பலகை எழுத்தைக் கற்பித்தபோது கூறிய விதியும் அதுவே: கடைசி வரிசை மாணவன் கண்சுருக்காமற் படிக்க வேண்டும், அழகு அதன்பின் வரட்டும். படிப்பவனுக்கு மதிப்பளிக்கும் எழுத்தே நல்லெழுத்து.

எழுத்தின் முகம் இத்துணை மதிப்புடையதாயின், அதனைத் திருடுவோரும் இருப்பர் அன்றோ? ஆகவே சட்டம் வந்தது. 1889-இல் சரக்குக் குறிச் சட்டமும், 1940-இல் பதிவுக்கு வழிசெய்த வணிகச் சின்னச் சட்டமும், 1958-இல் இரண்டையும் இணைத்த சட்டமும், 1999-இல் இன்றைய சட்டமும் இயற்றப்பெற்றன. 1972-இல் உச்சநீதிமன்றம் தீர்த்த பார்லே பிஸ்கத்து வழக்கு படித்தறியத் தக்கது. மைசூரைச் சேர்ந்த மற்றொரு நிறுவனத்தின் பொட்டலத்திலும் பண்ணைக் காட்சியும் ஒரு பெண்ணும் ஒத்த நிறமும் ஒத்த எழுத்தமைப்பும் இருந்தன. இரண்டையும் பக்கத்திற் பக்கமாக வைத்து வேறுபாடுகளை எண்ணுதல் முறையன்று. ஒன்றை முன்பு கண்டு, நினைவில் கொண்டு வரும் எளிய வாடிக்கையாளர் மற்றொன்றைக் கண்டால் மயங்குவாரா என்பதே வினா என்று நீதிமன்றம் கருதிப் பார்லேவின் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டம் காப்பது பெரு வணிகரை மட்டுமன்று. பெயரைப் படிக்க நேரமில்லாமல் முகத்தை நம்பி வாங்கும் ஏழையையும் அது காக்கின்றது.

இனி, நம் எழுத்தின் அண்மை வரலாற்றுக்கு வருவோம். நான் பள்ளியில் பயின்ற காலத்தில் ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கை போல் முன்னே வளைந்த கொம்புடன் எழுதப்பட்டன. ணா, றா, னா ஆகியவற்றுக்கும் தனி வடிவங்கள் இருந்தன. தந்தை பெரியார் 1930-களில் தம் ஏட்டில் கையாண்ட சீர்திருத்தத்தைத் தழுவி, 1978-இல் தமிழ்நாட்டரசு புதிய வடிவங்களை ஏற்றது. நான் மாணவனாகக் கற்றது ஒரு வடிவம். ஆசிரியனாகக் கற்பித்தது மற்றொரு வடிவம். இதனால் வரலாற்று மாணவர்க்கு ஒரு நன்மை உண்டு. பழைய கடைப்பலகையிலோ பொருட்சீட்டிலோ துதிக்கைக் கொம்பைக் கண்டால், அது 1978-க்கு முற்பட்டதாகவோ, பழைய முறையில் கற்ற ஓவியர் எழுதியதாகவோ இருக்கும் என்று கணிக்கலாம். கல்வெட்டறிஞர் எழுத்தின் வடிவத்தைக் கொண்டு காலத்தைக் கணிப்பதும் இம்முறையிலேயே.

அதன்பின் கணினி வந்தது. தமிழெழுத்துகள் 1991-இல் யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறிமுறையில் இடம்பெற்றன. ஈயத்தில் நூறு எழுத்து வார்க்கும் சுமை நீங்கியது. மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆக்கிய ‘இணைமதி’ எழுத்துரு ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்றது. இலங்கையின் தாரிக் அசீசு ‘பவனம்’, ‘கவிவாணர்’ முதலியவற்றை ஆக்கினார். அகமதாபாத்தில் 2009-இல் தோன்றிய இந்தியன் டைப் ஃபவுண்டரி, தன் தமிழெழுத்துரு ஒன்றுக்கு ‘ஹிந்த் மதுரை’ என்று நம் மாநகரின் பெயரையே சூட்டியது. இவற்றுள் பல விலையின்றிக் கிடைப்பவை.

வசதி வந்தபோது ஒரு குறையும் உடன் வந்தது. முன்பு பலகை எழுதும் ஓவியர் பத்துக் கடைக்குப் பத்து வகையாக எழுதினார். இன்று ஒரே எழுத்துருவை எடுத்துப் பத்துக் கடையும் அச்சடித்து மாட்டுகின்றன. மருந்துக்கடையும் மளிகைக்கடையும் ஒரே முகத்தோடு நிற்கின்றன. கடைப்பலகையில் தமிழ் முதலிடம் பெறவேண்டும் என்று அரசு விதி உண்டு. விதி எழுத்தின் இடத்தைத்தான் வகுக்க முடியும். அதன் அழகை வகுக்க முடியாது. ஆங்கிலப் பெயர் ஒருவர் அரிதின் முயன்று வரைந்த வடிவில் ஒளிர, அதன் அருகே தமிழ்ப் பெயர் கிடைத்த எழுத்துருவில் ஒட்டிக்கொண்டு நிற்கும் காட்சியைப் பலவிடத்தும் காண்கின்றோம். இரவல் சட்டை அளவில் பொருந்தாதது போன்றது அது.

இது வெறும் அழகுப் பேச்சன்று. போடியின் ஏலச் சந்தையில் இன்று கணினித் திரையில் விலை ஏறி இறங்குகின்றது. மூட்டைக்கு ஒரு விலை கிடைக்கின்றது. அதே காய் சிறு பொட்டலமாகி, பெயரும் முகமும் பெற்றுத் தொலைநகரக் கடையில் அமரும்போது வேறொரு விலை பெறுகின்றது. அவ்விரு விலைக்கும் நடுவே போக்குவரத்தும் பிரிப்புக் கூலியும் உண்டு. முகத்தின் மதிப்பும் உண்டு. முகம் யாருடையதோ, அம்மதிப்பும் அவரைச் சேரும். ஆலப்புழை தன் பெயரைச் சாக்கின்மேல் எழுதியது. அதன் பயனை இன்றளவும் பெறுகின்றது. சரிவில் உழைக்கும் மக்களும் சிறு தோட்டக்காரரும் ஒன்றுகூடித் தம் விளைபொருளுக்குத் தம் ஊர்ப் பெயரையே இட்டு, அப்பெயரை நல்ல தமிழெழுத்தில் வரைந்து வெளியிட்டால், அது அவர்களுக்குச் சொத்தாகும். அதற்குக் கூட்டுறவு வேண்டும். தரம் மாறாத நாணயம் வேண்டும். எழுத்தறிந்த ஓவியரும் வேண்டும். நாணயம் இல்லாத பொருளுக்கு எழுத்தழகு பொய்முகமாகவே முடியும்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு சிறு பணி தருகின்றேன். உங்கள் வீட்டில் கிடக்கும் பழைய தீப்பெட்டிச் சீட்டு, துணிக்கடைப் பை, மருந்துக் குப்பியின் தாள், திருமண அழைப்பு ஆகியவற்றைச் சேர்த்து ஒரு குறிப்பேட்டில் ஒட்டுங்கள். ஒவ்வொன்றின் கீழும் மூன்று செய்தி எழுதுங்கள். எழுத்து கையால் வரைந்ததா, அச்சில் கோத்ததா, கணினியில் அமைந்ததா? லகர ஐகாரம் பழையதா, புதியதா? தமிழெழுத்தும் ஆங்கில எழுத்தும் ஒரே கவனத்தோடு அமைக்கப்பட்டனவா? உங்கள் தெருவில் பலகை எழுதிய முதியவர் எவரேனும் இருந்தால், அவர் தூரிகை பிடித்த முறையைக் கேட்டறிந்து எழுதி வையுங்கள். அரசர் கல்லில் வெட்டியதை அறிஞர் படியெடுத்து வைத்துள்ளனர். எளியோர் தகரத்திலும் தாளிலும் எழுதியதைப் படியெடுத்து வைக்கும் கடமை உங்களுடையது.